புள்ளி கோடாகும் கண்: அஸ்ரிக்மாற்றிசமும் அதைக் கண்டறியும் முறைகளும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் மருத்துவம் பற்றிப் பேசுங்கள் என்று சங்கத்தினர் கேட்டபோது நீரிழிவு, மார்பகப் புற்றுநோய் என்று பல தலைப்புகள் முன்வந்தன. அவற்றைப் பற்றிப் பேச வேறு பல மேடைகள் உண்டு. நாம் எடுத்துக்கொண்டது சிறிய விடயம். ஆனால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பையே திசைமாற்றிவிடக் கூடியது. கண்ணுக்குள் வரும் ஒளி ஒரு புள்ளியில் சேராமல் கோடாக இழுபடும் குறைபாடு அது. அஸ்ரிக்மாற்றிசம் என்பது அதன் பெயர்.

இதைத் தமிழில் சொல்ல முடியுமா என்று சிலர் கேட்டனர். மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நமது மொழியிலேயே மருத்துவத்தைக் கற்பித்து, நூல்களையும் வெளியிட்டார். காரைதீவில் பிறந்து, கல்லடியில் கல்விப்பணி செய்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். அப்படிப்பட்டவர்கள் வழிகாட்டிய மண்ணில் நின்றுகொண்டு, இதைத் தமிழில் சொல்ல முடியாது என்று நாம் சொல்வது அழகல்ல.

குறைபாடு என்ன?

நமது கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல, ஒளி ஊடுருவும் ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கோர்னியா. கண்ணின் மொத்த ஒளிமுறிக்கும் வலு ஏறத்தாழ 60 டயொப்ரர். அதில் 43 அளவு இந்தப் படலத்தினுடையது. ஆகவே இதன் வடிவம் சற்று மாறினாலும் பார்வை மாறும்.

கோர்னியா ஒரு பந்தின் மேற்பரப்பைப் போல எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இருந்தால் ஒளி விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவியும். கோழிமுட்டையைப் படுக்கவைத்துப் பாருங்கள். நீளவாட்டில் ஒரு வளைவு, குறுக்குவாட்டில் அதைவிடக் கூடிய வளைவு. சிலருடைய கோர்னியா இப்படித்தான் அமைந்திருக்கிறது. அப்போது நிலைக்குத்துத் திசையில் வரும் ஒளி ஓரிடத்திலும் கிடைத்திசையில் வரும் ஒளி இன்னோரிடத்திலும் குவியும். புள்ளியாகத் தெரிய வேண்டியது கோடாகும்.

நெசவு தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காத்தான்குடியிலும் மருதமுனையிலும் தறியில் ஏறும் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறைபாடுள்ள கண்ணுக்குப் பாவு நூல் கூர்மையாகத் தெரியும்போது ஊடை நூல் கலங்கித் தெரியலாம். துணியைக் கால்வட்டம் திருப்பினால் தெளிவும் மங்கலும் இடம் மாறும்.

தமிழ் எழுத்துக்கு இது பெரும் சோதனை. மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி இழுபட்டு மறைந்துவிட்டால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையிலுள்ள ஒரு சுழி, ‘எ’வுக்கும் ‘ஏ’வுக்கும் இடையிலுள்ள ஒரு சிறு கீற்று, இவை மங்கிவிடும். சொல்வதெழுதலில் பிழை விடாத பிள்ளை, பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழை விட்டால், அவளுடைய தமிழைக் குறைசொல்வதற்கு முன்னர் கண்ணைப் பார்க்க வேண்டும்.

குப்பி விளக்கில் படித்ததால் கண் பழுதாகிவிட்டது என்று நம் வயதொத்தவர்கள் பலர் சொல்வதுண்டு. மின்சாரமில்லாத ஆண்டுகளில் நாமெல்லோரும் அப்படித்தான் படித்தோம். அந்த வெளிச்சம் களைப்பைத் தரும், தலையிடியைத் தரும். ஆனால் கோர்னியாவின் வடிவத்தை அது மாற்றாது. பெரும்பாலும் இது பிறப்போடு, பரம்பரையோடு வரும் அமைப்பு. கண்ணாடி போட வேண்டி வந்ததற்காகப் பிள்ளையையும் குற்றம் சொல்ல வேண்டாம், தாயையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

கண்டுபிடித்தவர்கள்

1801இல் இங்கிலாந்தின் தோமஸ் யங் தம்முடைய கண்ணிலேயே இக்குறைபாடு இருப்பதை விவரித்தார். 1825இல் ஜோர்ஜ் எயரி என்ற இளம் விஞ்ஞானி, தம் இடக்கண்ணுக்கு ஓர் ஒளிப்புள்ளி கோடாகத் தெரிவதைக் கவனித்தார். அட்டையில் குத்திய சிறு துளையின் வழியே வரும் ஒளியை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்தத் தூரத்தில் அது எந்தப் பக்கம் கோடாகிறது என்று அளந்தார். அந்த அளவுகளைக் கொண்டு உருளை வடிவான வில்லை ஒன்றைச் செய்வித்து அணிந்துகொண்டார். பின்னாளில் அவர் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஆனார். புள்ளியாகக் குவியாதது என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இக்குறைபாட்டுக்குப் பெயர் சூட்டியவர் வில்லியம் ஹியூவெல். இன்று கண் சிகிச்சைப் பிரிவில் நாங்கள் செய்வதெல்லாம், எயரி அட்டைத் துளையால் செய்ததன் வளர்ச்சிதான்.

பரிசோதனை எப்படி நடக்கிறது?

முதலாவது கேள்வி. தலையிடி வருகிறதா, எப்போது? வாசிக்கும்போது கண்ணைச் சுருக்குகிறாளா, தலையைச் சரிக்கிறாளா? இரவில் கல்லடிப் பாலத்து விளக்குகள் ஒரு பக்கமாக இழுபட்டுத் தெரிகின்றனவா? கண்ணைச் சுருக்குவது குறும்பல்ல. இமைகளை ஒடுக்கி ஒரு சிறு பிளவினூடாகப் பார்த்தால் கலங்கல் குறையும் என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

இரண்டாவது எழுத்து அட்டை. 1862இல் ஸ்னெலன் வகுத்த முறைப்படி 6 மீற்றர் தூரத்தில் அட்டையை வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்போம். எழுத்தறியாத சின்னப் பிள்ளைக்கு, மூன்று விரலை நீட்டியது போன்ற உருவத்தைக் காட்டி, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்டச் சொல்வோம். பார்வை குறைவாக இருந்தால் ஊசித்துளை அட்டையைக் கண்முன் பிடிப்போம். துளைவழியே தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடியால் சரிசெய்யலாம். அப்போதும் தெளியாவிட்டால் வேறு நோயையோ சோம்பல் கண்ணையோ தேட வேண்டும். சில சதம் பெறுமதியான இந்த அட்டை, யாரை முதலில் விரிவாகப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, பிள்ளையிடம் ஒன்றும் கேட்காமலே அளக்கும் முறைகள். கருப்பு வெள்ளை வளையங்கள் வரைந்த தட்டொன்றைக் கண்முன் பிடித்து, அவ்வளையங்கள் கோர்னியாவில் எப்படித் தெறிக்கின்றன என்று பார்க்கலாம். போர்த்துக்கல் நாட்டவரான பிளாசிடோ 1880இல் அறிமுகப்படுத்தியது இது. வளையம் வட்டமாகத் தெரிந்தால் கோர்னியா சீரானது. நீள்வட்டமானால் சீரான அஸ்ரிக்மாற்றிசம். கோணலாக நெளிந்தால் தழும்போ கூம்புக் கோர்னியாவோ இருக்கலாம். இன்று கணினியில் வண்ணப் படமாக வருவதும் இதே அடிப்படையில் வளர்ந்ததுதான். 1881இல் ஜவாலும் சியோற்சும் செய்த கெரற்றோமீற்றர் என்ற கருவி இந்த வளைவை எண்ணாகத் தரும். ஒரு திசையில் 43, மறு திசையில் 45 என்றால் கோர்னியாவால் வரும் குறை 2 டயொப்ரர்.

இவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது ரெற்றினோஸ்கோப். ஒரு மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் பாய்ச்சி, மெதுவாக அசைப்போம். கண்மணியினுள் ஒரு செவ்வொளி தோன்றும். அது எங்கள் கையோடு சேர்ந்து போகிறதா, எதிர்த்துப் போகிறதா என்று பார்ப்போம். சேர்ந்து போனால் கூட்டல் வில்லை, எதிர்த்துப் போனால் கழித்தல் வில்லை. அசைவு நின்று கண்மணி முழுவதும் ஒரேயடியாக ஒளிரும்வரை வில்லைகளை மாற்றுவோம். கீற்றைத் திருப்பி, ஒவ்வொரு திசையையும் தனித்தனியே பார்க்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு.

ஓர் உதாரணம். நிலைக்குத்துத் திசையில் +1.00இல் அசைவு நின்றது, கிடைத்திசையில் +2.50இல் நின்றது என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு மீற்றர் தூரத்தில் இருந்து பார்ப்பதால் இரண்டிலும் 1.50 கழிக்க வேண்டும். மிஞ்சுவது −0.50, +1.00. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமான 1.50 தான் அஸ்ரிக்மாற்றிசம். கண்ணாடிச் சீட்டில் அது +1.00 கோளம், −1.50 உருளை, அச்சு 180 என்று எழுதப்படும். இதற்குப் பிள்ளை ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவையில்லை. கைக்குழந்தைக்கும் செவிப்புலன் அற்ற பிள்ளைக்கும் இதே முறையில் அளக்கலாம்.

சின்னப் பிள்ளைகளின் கண் அருகிலுள்ளதைப் பார்க்கத் தானாகவே வலுவைக் கூட்டிக்கொள்ளும். அதைத் தளர்த்தச் சொட்டு மருந்து இடுவோம். கண்மணி விரியும், வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை ஒரு நாளளவுக்கு மங்கும். கண்ணைக் கெடுத்துவிட்டார்களோ என்று தாய்மார் பயந்து அடுத்த தவணைக்கு வராமல் விடுவதுண்டு. அது தானாகவே மாறிவிடும் என்பதைத் தயவுசெய்து உங்கள் அயலவர்க்கும் சொல்லுங்கள். கணினிக் கருவி அரை நிமிடத்தில் சீட்டு அடித்துத் தருகிறதே, அது போதாதா என்றும் கேட்பார்கள். அது நல்ல தொடக்கம். அந்தச் சீட்டை அப்படியே கண்ணாடியாக்குவது, உடுப்பை அளவு பாராமல் தைப்பது போன்றது.

நான்காவது, பார்ப்பவரிடமே கேட்டுத் தீர்மானிப்பது. விசிறி போலவோ மணிக்கூட்டு முகம் போலவோ கோடுகள் வரைந்த அட்டையைக் காட்டுவோம். முதலில் கூட்டல் வில்லை வைத்துப் பார்வையை வேண்டுமென்றே சற்று மங்கலாக்குவோம். எந்தக் கோடு மற்றவற்றைவிடக் கறுப்பாக, கூராகத் தெரிகிறது? மணிக்கூட்டில் 3க்கும் 9க்கும் இடையிலுள்ள கோடு என்றால், சிறிய எண்ணான 3ஐ 30ஆல் பெருக்குங்கள். கழித்தல் உருளையின் அச்சு 90 பாகை. எல்லாக் கோடும் ஒன்றுபோலத் தெரியும்வரை உருளையின் வலுவைக் கூட்டுவோம்.

இறுதியாக, அமெரிக்க மருத்துவர் எட்வேட் ஜக்சனின் பெயரால் வழங்கும் குறுக்கு உருளை வில்லை. கைப்பிடியுள்ள சிறு வில்லை அது. ஒரு புரட்டுப் புரட்டி, “முதலாவது தெளிவா, இரண்டாவது தெளிவா?” என்று கேட்போம். முதலில் அச்சு, பிறகு வலு. இந்த ஒழுங்கு மாறக் கூடாது. இந்த இடத்தில்தான் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எப்போதும் சரியான விடை சொல்லிப் பழகியவர்கள் அல்லவா? “பிழையாச் சொன்னா என்ன செய்யிற டொக்டர்?” என்று கேட்கிறார்கள். இங்கே பிழையான விடை என்று ஒன்றில்லை. “ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியுது” என்று பிள்ளை சொன்னால், நாங்கள் தேடி வந்த இடம் அதுதான்.

அச்சு ஏன் முக்கியம்?

வெறும் கிட்டப்பார்வைக் கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் வலு ஒன்றுதான். உருளை வில்லைக்குத் திசை உண்டு. அச்சு 10 பாகை விலகினால் மூன்றில் ஒரு பங்கு குறை மீண்டும் வந்துவிடும். 30 பாகை விலகினால் கண்ணாடி போட்டும் போடாத அளவு குறை மிஞ்சும். ஆகவே சட்டம் வளைந்த கண்ணாடி, நூலால் கட்டிய கண்ணாடி, அக்காவின் கண்ணாடியைத் தங்கை போடுவது, இவையெல்லாம் வீண். புதுக் கண்ணாடி போட்ட முதல் வாரத்தில் நிலம் சரிந்தது போலவும் கதவுநிலை கோணியது போலவும் தெரியலாம். மூளை பழகிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் கண்ணாடியோடு திரும்பி வர வேண்டும்.

எமது வாவிக்கரையில்

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எங்களிடம் வருபவர்களிடம் சில விடயங்களைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். வெயிலிலும் காற்றிலும் உப்புத் தெறிப்பிலும் தோணியில் நாளெல்லாம் இருப்பவர்களுக்கு, வெண்விழியிலிருந்து ஒரு சதை கருவிழியின் மேல் ஏறி வளரும். அது கோர்னியாவை இழுத்து வடிவத்தை மாற்றும். சதையை அகற்றி, கண் ஆறி, வடிவம் நிலைபெற்ற பின்னரே கண்ணாடிக்கு அளக்க வேண்டும். வயலில் நெல்லோலை வெட்டியோ உமி பறந்து விழுந்தோ உண்டான புண் தழும்பானால், அந்தக் கோணலைக் கண்ணாடியால் முழுதாகத் திருத்த முடியாது. ஓயாமல் கண்ணைக் கசக்கும் பிள்ளைகளையும் கவனியுங்கள். ஒவ்வாமையால் வரும் அந்தக் கசக்கல், கோர்னியா மெலிந்து கூம்பாவதோடு தொடர்புடையது. ஒவ்வோராண்டும் கண்ணாடியின் அச்சும் வலுவும் வேகமாக மாறிக்கொண்டிருந்தால் உடனே காட்ட வேண்டும்.

கூம்பு முற்றினால் கோர்னியா மாற்ற வேண்டி வரும். இதில் நமது நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அதன் பின்னர் எத்தனையோ நாட்டவர் இலங்கையரின் கண்ணால் உலகைப் பார்க்கிறார்கள். மாற்றிய கோர்னியாவைத் தலைமுடியிலும் மெல்லிய நைலோன் நூலால் தைப்பார்கள். எந்தத் தையல் இறுக்கமாக இழுக்கிறது என்பதைக் கண்டு அதை மட்டும் அகற்ற, நாம் முன்னர் சொன்ன வளையங்களும் அளவுகளும்தான் மீண்டும் கைகொடுக்கின்றன.

நாம் செய்யக் கூடியது

ஒரு கண்ணில் மட்டும் இக்குறை கூடுதலாக இருந்தால், மூளை தெளிவான கண்ணை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும். அதுவே சோம்பல் கண். ஏழெட்டு வயதுக்கு முன்னர் கண்டுபிடித்தால் மீட்பது எளிது. வயது ஏற ஏறக் கடினமாகும். பிறந்ததிலிருந்து இப்படியே பார்த்த பிள்ளைக்கு உலகம் இப்படித்தான் என்ற நினைப்பு. மற்றவர்கள் வேறுவிதமாகப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஆகவே அவள் முறையிட மாட்டாள். கண்டுபிடிக்க வேண்டியவர்கள் நாம்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கிறது. இடம்பெயர்வுகளால் அந்தப் பரிசோதனையைத் தவறவிட்ட பிள்ளைகள் பலர் இன்று தாய்மாராக இருக்கிறார்கள். அவர்கள் தம் கண்ணையும் ஒரு தடவை காட்டிக்கொள்ள வேண்டும்.

நம்முள் ஆசிரியைகள் பலர். பின் வரிசையில் இருந்துகொண்டு பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுபவளை ‘மொக்கு’ என்று முடிவுகட்டுவதற்கு முன்னர், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்பிள்ளை கண்ணாடி போட்டால் கலியாணம் பேச வருபவர்கள் பின்வாங்குவார்கள் என்று அதைக் கழற்றி ஒளித்து வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பின்னர் கண்ணாடியை எடுத்துக் கொடுப்பதால் என்ன பயன்? ஆண்பிள்ளையின் முகத்துக்குப் படித்தவன் தோற்றம் தருகிற அதே கண்ணாடி, பெண்பிள்ளையின் முகத்தில் மட்டும் குறையாவது எப்படி?

கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் நமது சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பாவித்த கண்ணாடிகளைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து அனுப்பும் நல்ல மனத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அஸ்ரிக்மாற்றிசத்துக்கான கண்ணாடி ஒருவருடைய கண்ணுக்கு, ஒரு பாகை அளவுக்கு வெட்டப்பட்டது. வலுவும் அச்சும் பொருந்தும் இன்னொரு கண் வாய்ப்பது மிக அரிது. அந்தப் பெட்டியின் தபாற் செலவே பல பிள்ளைகளுக்குப் புதுக் கண்ணாடி வாங்கித் தரும். அதைவிடத் தேவையானது, படுவான்கரைக் கிராமங்களிலிருந்து பிள்ளையும் தாயும் வைத்தியசாலைக்கு வந்துபோகும் பஸ் காசும், அன்று தாய் இழக்கும் நாட்கூலியும். ஆண்டுக்கு ஒரு தடவை பிள்ளை வளர்ந்து, சட்டம் சிறிதாகும்போது அதை மாற்றித் தருவதும் அதில் சேரும். நூற்றாண்டு நினைவாகச் சங்கம் எதைச் செய்வது என்று ஆலோசிக்கும்போது இதையும் ஒரு வரியாகக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டுப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, தூரத்தில் எரியும் ஒரு தெருவிளக்கைக் காட்டுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, விளக்கு எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். ஒரு கண்ணுக்கு அது ஒரு பக்கமாக நீண்டு கோடாகத் தெரிந்தால், அடுத்த வாரம் கண் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.